மூன்று நாளாகியும் ஆறாத சாக்லேட்டுக் கலம் குறித்துக் கயல்மாதேவியாருக்கு எழுதியது

கோச்சேந்தப் பெருமானின் ஆட்சியாண்டு பத்தொன்பது, தைத் திங்கள் பதினோராம் நாள், காலை. எல்லைப் பந்தல்.

முந்தைய ஓலையில் நேர்ந்த பிழையைச் சொல்லிவிட்டே அடுத்த ஓலையைத் தொடங்க வேண்டும் என்பது எங்கள் மஞ்சுவரை நாட்டு ஓலைமுறை. ஆகவே அதை முதலில் சொல்கிறேன். எட்டாம் நாள் தங்களுக்கு விடுத்த ஓலையில், கலம் மறுநாள் காலைக்குள் ஆறிவிடும் என்றும், தங்கள் மன்னர் உச்சிவேளைச் சோற்றுக்கு அரண்மனை திரும்பிவிடுவார் என்றும் எழுதியிருந்தேன். கலம் மறுநாள் ஆறவில்லை. நேற்றும் ஆறவில்லை. இன்று விடிந்ததும் பார்த்தேன், ஆவி பறக்கிறது. நான் எழுதியதில் கலமும் சரி, மன்னரும் சரி, சோறும் சரி. நாளில் மட்டும் ஒரு சிறு பிழை.

இப்பிழை என்னுடையது. மன்னருக்குப் பிழை நேர்வதில்லை என்பதால் இப்பகுதியை என் பெயரில் எழுதினேன். இனி வருவது அரச ஓலை.

மஞ்சு தவழும் மலை ஏழும் தம் குடைக்கீழ்க் கொண்டவரும், தேனும் மிளகும் தம் சுங்கச்சாவடி கடந்தே கீழிறங்கக் காண்பவரும், தந்தையார் தொடங்கிவைத்த போரைத் தாமும் குறைவின்றி நடத்திவந்தவரும், அதனை மூன்று நாட்களுக்கு முன் முடித்துவைத்தவருமான கோச்சேந்தப் பெருமானின் பெயரால். கடலும் கழியும் காவல் நிற்கும் நெய்தலம்பாடி நாட்டின் பட்டத்தரசியாரும், பெருங்கொற்ற மன்னரின் இடப்பாகத்து அமர்ந்து வலப்பாகத்து முடிவுகளையும் எடுத்தருள்பவரும், முத்தினி நாச்சியாரைப் பெற்றெடுத்த பெருமாட்டியுமான கயல்மாதேவியாரின் திருமுன் விடுக்கும் ஓலை.

தங்கள் உப்பளங்கள் வெயிலும், தங்கள் வயல்கள் மழையும், இரண்டும் இடம் மாறாமல் பெறுக. தங்கள் தோணிகள் போன வழியே திரும்புக. நாளை மறுநாள் தங்கள் முற்றத்தில் நிற்கப்போகும் மணப்பந்தலில் வாழைக்குலை ஒன்றும் சாயாதிருக்க.

எட்டாம் நாள் ஓலையைத் தலைமை ஓலையாளர் மேற்பார்வையில் நான் எழுதினேன். இவ்வோலையை அவரே எழுதியிருக்க வேண்டும். அவர் நேற்றுக் காலை ஐந்தாம் கிண்ணத்துக்குப் பின் கண்ணயர்ந்தவர் இன்னும் விழிக்கவில்லை. அவரை எழுப்பச் சென்ற இரண்டாம் எழுத்தர் அவர் அருகிலேயே படுத்துவிட்டார். மூன்றாம் எழுத்தராகிய நல்லினி நான் எழுதுகிறேன். பகலில் ஓலை எழுதி மாலையில் ஓலைமுறை பயிலும் எனக்கு, பாடசாலையில் பட்டமும் வாழ்த்தும் வரை பாடம் முடிந்திருக்கிறது. விளக்கம் கூறல் அடுத்த திங்கள்தான் வருகிறது. ஆகவே இனிவரும் பகுதியில் குறையிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

நேற்று மாலை தங்கள் தூதர் கொண்டுவந்த ஓலையை நான் மூன்று முறை படித்தேன். இருபத்திரண்டு ஆண்டு இல்வாழ்வில் எந்தப் பந்தியிலும் பாயசம் வரும்வரை பொறுத்திராத மனிதர் மூன்று நாளாக விரும்பி உட்கார்ந்திருக்கிறார் என்று நம்புவதற்கு, நெய்தலம்பாடியில் மூளையை மீனுக்கு இரையாகப் போட்டுவிட்டோமா என்று தாங்கள் கேட்டிருந்தீர்கள். அவருக்கு ஊற்றப்படும் கரிய நீர் யாதென்றும், அவர் எழாமல் இருப்பதேன் என்றும், அவர் உயிருடன் இருக்கிறாரா என்றும் வினவியிருந்தீர்கள். நாளை மாலைக்குள் மன்னர் எழவில்லையெனில் தங்கள் இளவலார் வாட்டாறத் தளபதி மூவாயிரம் பேருடன் எங்கள் பந்தலுக்கே வந்து திருமணத்தை நடத்திவைப்பார் என்றும், அன்று அட்சதைக்குப் பதிலாக அம்பு விழும் என்றும் முடித்திருந்தீர்கள். ஓலையின் விளிம்பில் வேறு கையெழுத்தில், அப்பா எப்போது வருவார் என்று ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழ் பட்டமோ முத்திரையோ இல்லை. ஆயினும் எங்கள் பெருமான் அந்த வரிக்கே முதலில் விடை சொல்லுமாறு பணித்தார்.

விடை: தாங்கள் துணை நின்றால் நாளை மாலை.

ஏன் துணை வேண்டும் என்பதை இனி முறையாகச் சொல்கிறேன்.

சூட்டமர்வு என்னும் வழக்கம் இரு நாட்டுக்கும் பொது. பகைவர் இருவர் பேச அமர்ந்தால் நடுவே ஒரு கலத்தில் சூடான பானம் வைக்கப்படும். அதில் மொண்ட ஒரு கிண்ணத்தை ஒரே மிடறில் குடிக்கும் அளவு கலம் ஆறும்வரை யாரும் எழலாகாது, வாளைத் தொடலாகாது. அமர்ந்தபின் அடுப்பைத் தூண்டலாகாது, அணைக்கவும் ஆகாது. தண்ணீர் கலக்கலாகாது. குடியாமல் கொட்டலாகாது. ஊதிக் குடிப்பது பெரும்பகை. தங்கள் மன்னரின் பாட்டனார் காலத்தில் எங்கள் படைத்தலைவர் ஒருவர் மறதியாக ஒருமுறை ஊதியதால் ஏழாண்டு ஊதற்போர் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அந்தப் படைத்தலைவரின் பெயரை எங்கள் நாட்டில் இன்றும் எந்தக் குழந்தைக்கும் இடுவதில்லை.

இதுவரை இரு நாடும் பதினொரு முறை அமர்ந்திருக்கின்றன. பதினொரு முறையும் சுக்குநீர். அது இரண்டு நாழிகையில் ஆறிவிடும். மதகு என்ற சொல்லை யாராவது எடுப்பதற்குள் எல்லோரும் எழுந்து வாளை எடுத்துவிடுவார்கள். இரண்டு நாட்டுக்கும் நடுவிலுள்ள ஏரியின் மூன்றாம் மதகை யார் திறப்பது என்ற ஒரு கேள்விக்கு முப்பத்தோராண்டாக விடை கிடைக்காததன் காரணம் பகைமை அன்று, சுக்குநீர் விரைந்து ஆறியதே என்பது எங்கள் பெருமானின் கருத்து. ஆகவே இம்முறை ஒரு நாள் முழுதும் ஆறாத பானம் வேண்டும் என்று அவர் கட்டளையிட்டார்.

எங்கள் மடைப்பள்ளி முதல்வி வேம்பி அம்மையார் அதற்குச் சாக்லேட்டைத் தேர்ந்தார். கப்பலார் கொண்டுவந்த கொக்கோ விதையில் ஆவது அது. கெட்டியான பண்டம் சூட்டை எளிதில் விடாது என்பது அவர் பட்டறிவு. அதில் நஞ்சில்லை என்பதற்குச் சான்றாக, அது ஆகும் விதத்தை ஒன்றும் மறைக்காமல் எழுதுமாறு அவரே சொன்னார். மறைத்தால்தான் ஐயம் வரும் என்றும், எழுதிக்கொடுத்தாலும் தம் கைப்பக்குவம் நெய்தலம்பாடியில் யாருக்கும் வரப்போவதில்லை என்றும் அவர் கூறினார். இரண்டாவதை எழுத வேண்டுமா என்று கேட்டேன். அதைத்தான் முக்கியமாக எழுத வேண்டும் என்றார்.

விதையை வெறும் சட்டியில் இளந்தீயில் வறுத்து, தோல் நீக்கி, சூடேற்றிய அம்மியில் இட்டு, எண்ணெய் கசிந்து விழுது பளபளக்கும் வரை அரைக்க வேண்டும். அம்மி குளிர்ந்திருந்தால் விழுது மணலாக நிற்கும். முதல் நாள் எனக்கு அப்படித்தான் நின்றது. எருமைப் பாலைத் தனியே காய்ச்சி, ஆடையை எடுக்காமல் அடித்துக் கலந்து, அதில் விழுதைச் சிறிது சிறிதாகக் கரைக்க வேண்டும். பத்து மரக்கால் கொள்ளும் தடித்த மண்கலத்தைக் குழியில் இறக்கிச் சுற்றிலும் உமி நிரப்பி, உமியின் அடியில் தணல் வைத்து, குழியின் விளிம்பை வைக்கோற்பிரியால் இறுக்கி, கனத்த பலகையால் மூட வேண்டும். உமி எரிவதில்லை, கனிகிறது. பால் கொதிக்கக் கூடாது. ஓரத்தில் சிறு குமிழி வந்து, வரலாமா என்று கேட்பதுபோல் நின்று, போய்விட வேண்டும். நாழிகைக்கு ஒருமுறை மத்தால் அடிதொட்டுக் கடைய வேண்டும். அதற்கு மேல் மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது. ஒருமுறை பார்த்தால் அரை நாழிகைச் சூடு போய்விடும். கருப்பட்டியை நேராகப் போட்டால் பால் திரிந்துவிடும். ஆகவே அதைத் தண்ணீரில் காய்ச்சி வடித்து, பால் நன்கு கெட்டியான பின்பே வார்க்க வேண்டும். ஏலம் நாலு, சுக்கு ஒரு துண்டு. உப்பு ஒரு சிட்டிகை. உப்பைப் பற்றிப் பின்னர் எழுத வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் முறையாக நடந்தது. பிழை உமியில் நேர்ந்தது.

பத்து மரக்கால் கலம் ஒரு நாள் சூடாயிருக்க நான்கு மூட்டை உமி போதும். மாலைப் பாடசாலையில் கற்ற முறைப்படி இதைக் கணக்கிட்டவள் நான்தான். பிறகு எனக்கு ஓர் ஐயம் வந்தது. தைப் பனியில் உமி நமுத்திருந்தால்? ஆகவே எட்டு மூட்டை என்று திருத்தினேன். குழிக்குச் சென்று பார்க்கும்போது, இருமடங்காக்கியதை எழுதினேனா, நினைத்ததோடு விட்டேனா என்று ஐயம் வந்தது. ஆகவே மறுபடி இருமடங்காக்கினேன். பதினாறு மூட்டை உமி குழிக்கு வந்தது. அந்த நேரத்தில் வேம்பி அம்மையார் வந்து பார்த்தார். இந்தப் பெண் கணக்கிட்டது எப்படியும் குறைவாகத்தான் இருக்கும் என்று எண்ணி, என்னிடம் சொல்லாமல் அவரும் ஒருமுறை இருமடங்காக்கினார். முப்பத்திரண்டு.

எனவே கலம் பதினாறாம் நாள் ஆறும். முத்தினி நாச்சியாரின் முகூர்த்தமோ பதின்மூன்றாம் நாள் காலை.

எட்டாம் நாள் உச்சிப்பொழுதுக்குச் சற்று முன் மன்னர் இருவரும் அமர்ந்தார்கள். முதல் கிண்ணம் வந்தது. பானம் சூடாகவும் கெட்டியாகவும் இருந்தமையால் ஒரு வாய் பருகியவர் அதை விழுங்கும்வரை பேச இயலாது. ஆகவே ஒருவர் பேசும்போது மற்றவர் வேறு வழியின்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தோராண்டில் இது முதன்முறை. நான்காம் நாழிகையில் உடன்பாடு முடிந்தது. ஒற்றைப்படை நாளில் மதகைத் திறப்பது நீங்கள். இரட்டைப்படை நாளில் நாங்கள். இவ்வளவுதானா என்று தங்கள் மன்னர் கேட்டார். இவ்வளவுதான் போலிருக்கிறது என்று எங்கள் பெருமான் சொன்னார். பிறகு இருவரும் இன்னொரு கிண்ணம் கேட்டார்கள்.

அன்று முதல் அமர்ந்திருக்கிறார்கள். இன்றியமையாத தேவைகளுக்கு அமர்ந்தபடியே சிவிகையில் கொண்டுபோய்க் கொண்டுவரப்படுகிறார்கள். அதே சிவிகையில் நெய்தலம்பாடிக்கே கொண்டுவரலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். தங்கள் மன்னரும் முதல் நாளே கேட்டார். கலத்தின் ஆவி கண்ணுக்குத் தெரியும் தொலைவைக் கடந்தால் எழுந்ததாகவே பொருள். கலத்தையும் உடன் கொண்டுபோகலாமே என்றால், குழியிலிருந்து கலத்தைத் தூக்குவது அடுப்பை அணைப்பதற்கு ஒப்பு. காலைதோறும் இரு தரப்பிலும் ஒருவர் ஒரு கிண்ணத்தை ஒரே மிடறில் குடிக்க முயன்று பார்க்கிறார்கள். இருவருக்கும் நாக்கு வெந்துவிட்டதால் முடிவைக் கைச்சாடையால் தெரிவிக்கிறார்கள். மூன்று நாளும் ஒரே சாடை.

சும்மா அமர்ந்திருந்தால் புதிய வழக்கு முளைக்கும் என்பதற்குச் சான்றாக, நேற்று உப்பு வழக்கு முளைத்தது. சாக்லேட்டில் உப்பு ஒரு சிட்டிகை போதும் என்று எங்கள் பெருமான் கூற, உப்பை விளைவிக்கும் நாட்டான் முன்னால் உப்புக்கு அளவு சொல்வதா என்று தங்கள் மன்னர் கேட்டருளினார். மலையில் இருப்பவர்களுக்கு உப்பு என்றால் மருந்து, கடைவாயில் ஒதுக்கிவைத்துப் பத்து நாள் சப்புவார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். கடலோரத்தார் நாக்கு ஏற்கனவே கருவாடு, அதில் எதைப் போட்டும் பயனில்லை என்று எங்கள் பெருமான் விடையிறுத்தார். இரு தரப்பு வீரரும் உட்கார்ந்தபடியே முகம் சிவந்தார்கள். நல்வாய்ப்பாக அடுத்த கிண்ணம் வந்தது; இருவர் வாயும் அடைபட்டது. பானம் இருக்கும்வரை அமைதி இருக்கிறது. பானம் இருப்பதனால்தான் எழவும் முடியவில்லை. இதனை ஓலையில் எப்படிச் சமன்செய்து எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

எழுவதற்கு இனி ஒரே வழி உண்டு. கலத்தைக் குடித்தே தீர்க்க வேண்டும். காலிக் கலம் சூடுமன்று, குளிருமன்று. அதன்முன் யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் அல்லர். இது பழைய வழக்கத்தில் உள்ளதே. ஆனால் சுக்குநீரை யாரும் தீரும்வரை குடித்ததில்லை என்பதால் எல்லோரும் மறந்துபோயிருந்தோம்.

எங்கள் வீரரில் முந்நூறு பேர் பந்தலுக்கு வெளியே கிண்ணமும் கையுமாக நிற்கிறார்கள். ஆயினும் இரு தரப்பும் ஒத்த எண்ணிக்கையில்தான் குடிக்க வேண்டும். ஒரு நாடு ஒரு கிண்ணம் மிகுதியாகக் குடித்தாலும் அது மற்ற நாட்டின் உணவில் வளர்ந்த நாடு ஆகிவிடும். திறை செலுத்த நேரும். இதுவரை தங்கள் தரப்பில் தொண்ணூற்றாறு, எங்கள் தரப்பில் தொண்ணூற்றாறு. தங்கள் மன்னர் தாமே பன்னிரண்டு கிண்ணம் அருந்தியிருக்கிறார். மெய்க்காவலர் இருபதுபேரில் பதினாறு பேர் நந்நான்கும், நால்வர் ஐந்தைந்தும் அருந்தி, இப்போது பந்தலின் கீழ்ப்புறம் வரிசையாகச் சாய்ந்திருக்கிறார்கள். எல்லோரும் நலம். கடலையே குடிப்போம் என்று வந்தவர்கள் ஒரு பானையைக் குடிக்க முடியாமல் கவிழ்ந்துகிடக்கிறார்களே என்று எங்கள் வீரர் ஒருவர் நகைத்தார். தங்கள் காவல்தலைவர் வயிரனார் கண்ணைத் திறவாமலே, பாறையிலே ஒட்டிய தேனை நக்கி வளர்ந்தவர்களுக்கு வயிறு நிறைவது எப்படியிருக்கும் என்று சொன்னாலும் விளங்காது என்றார். பின்பு என்னை அருகே அழைத்து, அடுத்த கிண்ணத்துக்குப் பதிலாக ஓர் அம்பு கிடைக்குமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். இரண்டாம் நாள் மாலை குறியிட்ட மூங்கிலால் கலத்தை அளந்தேன். அவ்வளவு பேர் குடித்தும் முதல் நாள் மாலை நின்ற மட்டத்திலேயே நின்றது. என் மூங்கில் பிழையென்று எண்ணி வேறு மூங்கில் வெட்டினேன். அதுவும் அதையே சொன்னது. பிறகு விசாரித்ததில், விருந்தினர் கலம் குறைவதைக் காண்பது மடைப்பள்ளிக்கு இழுக்கு என்று வேம்பி அம்மையார் பால் காய்ச்சி, விழுது கரைத்து, இரண்டு மரக்கால் வார்த்திருந்தது தெரிந்தது. அவரை எங்கள் பெருமான் முன் நிறுத்தினோம். குறைந்த கலத்தை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு விருந்தினர் முன் நிற்பது என்று அவர் பெருமானையே கேட்டார். தங்கள் மன்னர்தான், அம்மையே, என் மகள் கலியாணத்துக்கு நான் போக வேண்டும் என்று சொன்னார். அதன்பின் அம்மையார் அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். இனி ஒரு துளியும் வார்ப்பதில்லை என்று மத்தின்மீது ஆணையிட்டிருக்கிறார். அன்று மாலையிலிருந்து அவர் கலத்தின் பக்கம் பார்ப்பதில்லை.

இன்று காலை நிலை: கலத்தில் ஒன்பது மரக்கால் உள்ளது. மூன்று முறை அளந்தேன். இருமுறை ஒன்பது, ஒருமுறை ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு. ஒன்பது என்றே எழுதுகிறேன். அஃது எழுபத்திரண்டு படி. ஆழாக்குக் கிண்ணத்தில் ஐந்நூற்று எழுபத்தாறு. தரப்புக்கு இருநூற்று எண்பத்தெட்டு. ஆளுக்கு ஒரு கிண்ணம் என்றால் தங்கள் நாட்டிலிருந்து இருநூற்று எண்பத்தெட்டுப் பேர் வேண்டும்.

அவ்வளவு பேரை ஒரே நாளில் எங்கே திரட்டுவது என்று நேற்று மாலை முழுதும் யோசித்தோம். தங்கள் முற்றத்தில் திருமணத்துக்கு வந்த உறவினர் அறுநூறு பேர் ஏற்கனவே கூடியிருக்கிறார்கள் என்பதைத் தங்கள் மன்னர்தான் நினைவூட்டினார். தம் மைத்துனர் தளபதியாருக்கு மூவாயிரம் பேரை எங்காவது அழைத்துப்போயே ஆகவேண்டும் என்றிருந்தால், அவர்களில் நல்ல பசியுள்ளவர்களாகப் பார்த்து வாளில்லாமல் அழைத்துவரலாம் என்றும் கூறினார்.

ஆகவே, கோச்சேந்தப் பெருமானின் வேண்டுகோள் இதுவாகும். தங்கள் உறவினருள் இருநூற்று எண்பத்தெட்டுப் பேர் நாளை விடியலில் புறப்பட்டு, உச்சிக்குள் எல்லைப் பந்தலுக்கு எழுந்தருள வேண்டும். காலையுணவு அருந்தாமல் வருவது நல்லது. பச்சரிசிப் பலகாரம் எதுவும் வேண்டவே வேண்டாம். ஊதிக் குடிக்கும் பழக்கமுள்ள பெரியவர்களையும், சூடு பட்டால் தம்மையறியாமல் ஊதிவிடும் சிறுவர்களையும் வீட்டிலேயே விட்டுவர வேண்டும். மணமகன் வீட்டாரும் வரலாம். அவர்கள் தங்கள் தரப்பாகவே கொள்ளப்படுவர். ஆனால் முத்தினி நாச்சியாரும் மணமகனாரும் பந்தலுக்குள் வந்து அமரக் கூடாது. அமர்ந்தவர் எவரும் கலம் தீரும்வரை எழ முடியாது. ஒருவேளை என் அளவு பிழையாக இருந்தால் திருமணமே குழியோரத்தில் நிற்கும். என் அளவில் பிழை இல்லை என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

நாளை மாலைக்குள் கடைசிக் கிண்ணம் தீரும். தீர்ந்த கணமே தங்கள் மன்னர் எழுவார். எங்கள் பெருமானின் விரைந்தோடும் குதிரை நான்கு அவருக்காகச் சேணமிட்டு நிற்கும். முகூர்த்தத்துக்குள் அவர் தம் மகள் அருகில் நிற்பார்.

மன்னர் உயிருடன் இருப்பதற்கும், தம் விருப்பத்தோடு இதைச் சொல்வதற்கும் அடையாளமாக, தாங்கள் ஒருவரே அறிந்த ஒன்றைச் சொல்லுமாறு கேட்டோம். அந்தப்புரத்து ஊறுகாய்ச் சாடியின் திறவுகோல் வெற்றிலைப் பெட்டியின் அடித்தட்டில் இருப்பதைத் தாம் பதினெட்டு ஆண்டாக அறிவார் என்றும், அறியாதவர்போல் நடித்துவந்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றும், சாடியின் மட்டம் அடிக்கடி குறைந்ததற்குப் பணிப்பெண்கள் காரணமல்லர் என்றும் அவர் சொன்னார். இதை ஓலையில் ஏற்றத் தகுமா என்று எனக்குத் தெரியாது. மன்னர் ஏற்றச் சொன்னார்.

இவ்வோலையின் கட்டில் ஒரு மஞ்சள் நூல் சுற்றியிருப்பதைத் தாங்கள் காண்பீர்கள். முத்தினி நாச்சியாரின் மணிக்கட்டை அளந்த நூல் அது. பேச்சு முடிந்து திரும்பும் வழியில் எல்லையூர்த் தட்டாரிடம் அதைக் கொடுத்து வளையல் வாங்கிவருவதாக மன்னர் மகளிடம் சொல்லிவந்தாராம். மூன்று மாலையும் அவர் அதை இடுப்பிலிருந்து எடுத்துத் தம் விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். இரண்டாம் மாலை நான் மூங்கிலோடு சென்றபோது, கலம் கொஞ்சமாவது ஆறியிருக்கிறதா, பெண்ணே, என்று என்னிடம் கேட்டார். இல்லை என்று சொன்னேன். நூலைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டு, இன்னொரு கிண்ணம் கொண்டுவா என்றார். வேறு யாரும் குடிக்க முடியாமல் சாய்ந்த பிறகும் அவர் பன்னிரண்டு வரை போனது இதனால்தான் என்று நினைக்கிறேன். நேற்றுக் காலை எங்கள் பெருமான் ஆளனுப்பி, நூலின் அளவில் வளையல் வாங்கிவரச் செய்துவிட்டார். வளையல் மன்னரிடம் இருக்கிறது. அதை அவரே கொண்டுவருவார். நூலை மட்டும் அனுப்புகிறோம்.

நூலின் ஒரு முனையில் கரிய கறை இருக்கும். அதை நஞ்சென்று ஐயுற வேண்டாம். நாவில் வைத்துப் பாருங்கள். வைத்துப் பார்த்தபின், மூன்று நாளாக ஒரு மனிதர் எழாதிருக்க இது போதிய காரணமா என்று தாங்களே முடிவுசெய்யலாம். போதாது என்றுதான் மன்னர் சொல்கிறார். ஆனால் மிக நன்றாக இருக்கிறது என்றும் சொல்கிறார்.

இனி எங்கள் நாட்டாருக்கு ஆணை. நாளை உச்சி முதல் மாலை வரை எல்லைப் பந்தலில் எவரும் உப்பைப் பற்றிப் பேசலாகாது. கீழ்ப்புறம் சாய்ந்திருக்கும் விருந்தினரை எவரும் நகையாடலாகாது. கலம் தீர்ந்ததும் அதைக் கவிழ்த்துக் காட்டும் உரிமை வேம்பி அம்மையாருக்கே உண்டு. அவர் அழுதால் அது அபசகுனமாகக் கொள்ளப்படாது. மூன்றாம் மதகு நாளை இரட்டைப்படை நாள் என்பதால் எங்கள் கையால் திறக்கப்படும். நாளை மறுநாள், மணநாளன்று, நெய்தலம்பாடியார் கையால்.

மலையும் மதகும் பொறித்த முத்திரை இடப்பட்டது. அரக்கு உருகக் கலத்தின் ஆவியே போதுமாக இருந்தது. இவ்வோலையைப் பிரிப்பவர் கை குளிராதிருக்க. படிப்பவர் வீட்டில் யாரும் காத்திருக்க நேராதிருக்க.

எழுதியவள் நல்லினி, மூன்றாம் எழுத்தர்.

நாளை, பன்னிரண்டாம் நாள், நான் செய்ய வேண்டியது: விடிந்ததும் கிண்ணங்களைச் சாம்பலிட்டுத் துலக்க வேண்டும். ஐந்நூற்று எழுபத்தாறு. ஒருமுறை எண்ணினால் போதும். இருமடங்காக்கக் கூடாது.